வண்டல் அடிக்கும்போது எடையைப் பாருங்க

இரும்பையில் எங்கள் நிலத்துக்குக் கோடையில் ஏரி வண்டலை பிக்கப் வண்டியில்தான் அடிக்கிறேன். புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வரும் நண்பர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: தொட்டி நிறைஞ்சதான்னு பார்க்காதீங்க, எடையைப் பாருங்க.

வங்கியில் வண்டிக் கடன் கொடுத்த நாளிலிருந்தே ஆர்.சி. புத்தகம் புரட்டிப் பழகியவன் நான். அதிலுள்ள மொத்த எடையில் வெற்று எடையைக் கழியுங்கள். மிச்சம்தான் ஏற்றலாம், ஓட்டுநரும் கூட வரும் ஆட்களும் அதில் அடக்கம்.

50 கன அடி மக்கிய தொழு உரம் ஏறக்குறைய ஒரு டன். அதே 50 கன அடி ஈர வண்டல் இரண்டு டன்னைத் தாண்டும். பல பிக்கப்களின் வரம்பு ஒன்றே கால் முதல் ஒன்றே முக்கால் டன்தான். ஆகவே வண்டல் என்றால் அரைத் தொட்டியோடு நிறுத்திக்கணும்.

ட்ரெய்லர் பூட்டினால் பாரம் அச்சுக்குச் சற்று முன்பக்கமாக இருக்கட்டும். ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அமரணும். பின்பக்கம் கனத்தால் ட்ரெய்லர் ஆடி, முன்வண்டியையும் இழுத்துத் திருப்பிவிடும். கொக்கிக்குத் துணையாகச் சங்கிலி கட்டுங்க. நம்ம கரையோர உப்புக்காத்தில் இரண்டும் துருப்பிடிக்கும், அடிக்கடி பாருங்க. இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம், சின்ன கியரிலேயே இறங்குங்க.

அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. இன்னொரு நடை டீசல் அதைவிட மலிவுதானே?