களையை என்ன செய்வார்கள்? - உவமை எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் வீதியின் வடிகான் அடைபட்டு, மழை பெய்தால் வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும் நிலை இருந்தது. ஊரார் சார்பில் மகஜர் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "எமது வீதி நரகமாகக் காட்சியளிக்கிறது" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினேன். புதிய வடிகான் கட்ட நிதி ஒதுக்கீடு இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

இரண்டாவது கடிதத்தில் நரகத்தை விட்டுவிட்டேன். "எமது வடிகான் ஒரு தண்ணீர்ப் போத்தல் போன்றது. போத்தல் உடையவில்லை, மூடிதான் இறுகிப் போயிருக்கிறது. புதிய போத்தல் கேட்கவில்லை, மூடியைத் திறந்து தாருங்கள்" என்று எழுதி, வீதி முனையிலுள்ள மதகு மண்ணால் அடைபட்டிருப்பதைக் குறிப்பிட்டேன். அந்த மாதமே மண் அள்ள ஆட்கள் வந்தார்கள்.

உவமையணி, உருவக அணி என்று பாடசாலையில் படித்தோம். "போல" என்று சொன்னால் உவமை, அதை விட்டுவிட்டு அதுவே இது என்றால் உருவகம். அணி என்றால் நகை. அதனால் எழுதி முடித்த பிறகு அழகுக்குப் போடுவது என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒருவரை இணங்கவைக்க எழுதும்போது உவமைக்கு வேறு வேலை இருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அது வாசகருக்குக் காட்டிவிடுகிறது. நரகம் என்ற சொல் எங்கள் கோபத்தை மட்டுமே சொன்னது. மூடி என்ற சொல்லோ செய்ய வேண்டிய வேலையைச் சொன்னது.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1940 இன் இறுதியில் பிரித்தானியா ஜேர்மனியுடன் போரிட்டுக்கொண்டிருந்தது. ஆயுதம் வாங்க அதன் கையில் டொலர் தீர்ந்து வந்தது. அமெரிக்கச் சட்டமோ போரிடும் நாடுகள் காசு கொடுத்தே ஆயுதம் வாங்க வேண்டும் என்றிருந்தது. முதலாம் உலகப் போரின் கடன் முழுதாகத் திரும்பி வராத கசப்பும் அமெரிக்க மக்களிடம் இருந்தது.

டிசம்பர் 17 அன்று பத்திரிகையாளர்களிடம் பேசிய ரூஸ்வெல்ட், பக்கத்து வீடு தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்பதைக் கதையாகச் சொன்னார். உங்களிடம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் இருக்கிறது. அதன் விலை 15 டொலர், முதலில் காசைத் தா என்றா கேட்பீர்கள்? குழாயைக் கொடுப்பீர்கள், தீ அணைந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வீர்கள். அதுவரை கடன், காசு என்று நடந்த விவாதம் இப்போது தீயைப் பற்றியதாக மாறியது. பக்கத்து வீட்டுத் தீ நம் கூரைக்கும் தாவும் என்பதை அவர் விளக்கத் தேவையே இருக்கவில்லை. 1941 மார்ச் 11 இல் கடன் குத்தகைச் சட்டம் கையொப்பமானது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. போர்த் தளபாடத்தை இரவல் கொடுப்பது சுவிங்கத்தை இரவல் கொடுப்பது போன்றது, மென்று முடித்ததைத் திருப்பி வாங்க யாரும் விரும்பமாட்டார் என்றார் செனட்டர் ரொபர்ட் டாஃப்ட். பின்னர் நடந்ததைப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. நல்ல உவமையும் ஒரு பக்கத்தைக் காட்டி இன்னொரு பக்கத்தை மறைக்கும். ஆகவே பிறர் உவமையை வாசிக்கும்போது, இதில் எது மறைக்கப்படுகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

உவமையின் மிக மோசமான முகத்தை 1994 இல் ருவண்டாவில் உலகம் கண்டது. அங்கே ஒரு வானொலி துட்சி இன மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று திரும்பத் திரும்ப அழைத்தது. கரப்பான் பூச்சியைக் கண்டால் மனிதன் என்ன செய்வான் என்பதை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. சுமார் 100 நாட்களில் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

நாம் அப்படியெல்லாம் எழுதுவதில்லை என்று சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஊரில் ஒரு நிர்வாகத் தெரிவு தொடர்பான பிணக்கில், மாற்றுத் தரப்பினரைக் "களைகள்" என்று ஒரு துண்டுப்பிரசுரத்தில் எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். வயல் செய்யும் மாமா ஒருவர் மட்டும் அதை வாசித்துவிட்டு, "தம்பி, களையை என்ன செய்வாங்க? புடுங்கித்தானே எறிவாங்க. அவங்களும் நம்மட ஊர்ப் புள்ளைகள்தானே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பிணக்கு தீர்ந்த பிறகும், அதில் இருந்த ஒருவர் இன்றுவரை என்னுடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

புற்றுநோய், புல்லுருவி, வைரஸ் என்ற சொற்கள் நமது கட்டுரைகளிலும் பின்னூட்டங்களிலும் சாதாரணமாகிவிட்டன. வைரஸை அழிக்கலாம், புற்றுநோயை வெட்டி எடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரை என்ன செய்வது?

எழுத வரும் இளைஞர்களிடம் நான் சொல்வது இதுதான். உவமையை வாசகரின் அன்றாட வாழ்விலிருந்து எடுங்கள். ஒரு கட்டுரைக்கு ஒன்று போதும், தீயும் வெள்ளமும் புயலும் ஒரே பந்தியில் வந்தால் எதுவும் மனதில் நிற்காது. குறையைச் சொல்லும் உவமையை மனிதர் மீது வைக்காமல் பிரச்சினையின் மீது வையுங்கள். அனுப்புவதற்கு முன் அந்த மாமாவின் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: நான் சொன்ன இந்தப் பொருளை மனிதர்கள் வழமையாக என்ன செய்வார்கள்? அந்தப் பதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் அனுப்புங்கள்.