வெள்ளைக் கோல்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கண்களை மூடிக்கொண்டு, நீண்ட பென்சில் ஒன்றின் மேல்நுனியை லேசாகப் பிடியுங்கள். கீழ்நுனியால் மேசையைத் தடவுங்கள். பிறகு துணி, பாய், சுவர் என்று ஒவ்வொன்றாகத் தடவுங்கள். எது பாய், எது சுவர் என்று தெரிகிறதல்லவா? உங்கள் விரல் தொட்டது பென்சிலை மட்டுமே! ஆனாலும் பாயின் சொரசொரப்பு பென்சில் நுனியிலேயே இருப்பதுபோல் தோன்றும்.

நுனியில் உண்டாகும் நுண்ணிய அதிர்வுகள் மரத்தின் வழியே ஏறி விரலை அடைகின்றன. தோலுக்கு அடியில் வெங்காயம்போல் அடுக்கடுக்காக அமைந்த சிறு உறுப்புகள் உண்டு. பாசினி என்ற இத்தாலிய அறிஞரின் பெயரால் அவற்றை அழைக்கிறோம். வினாடிக்கு ஏறத்தாழ 250 அதிர்வுகளை அவை மிக நன்றாக உணரும்.

பார்வையற்றோர் கையில் வைத்திருக்கும் வெள்ளைக் கோலும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதை ஊன்றுகோல் என்று எண்ணிவிடாதீர்கள். அதில் யாரும் ஊன்றி நடப்பதில்லை. நீண்டுவிட்ட ஒரு விரல் என்று சொன்னால் பொருந்தும்.

வெள்ளை நிறம் வண்டி ஓட்டுபவர்களின் கண்ணில் படுவதற்காக. அமெரிக்காவில் பியோரியா என்னும் நகரம், வெள்ளைக் கோல் ஏந்தியவருக்கு வண்டிகள் வழிவிட வேண்டும் என்று 1930-இல் சட்டம் செய்தது. நடக்கும் முறையோ பிறகுதான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக ரிச்சர்டு ஹூவர் என்பவர் 1944-இல் நீளமான, எடை குறைந்த கோலைக் கொண்டு ஒரு முறையை வகுத்தார். வலக்கால் முன்னே போகும்போது கோல் இடப்பக்கம் தட்டும். இடக்கால் போகும்போது வலப்பக்கம் தட்டும். அடுத்த அடி விழ இருக்கும் இடத்தைக் கோல் முன்கூட்டியே சோதித்துவிடுகிறது. தட்டும் ஓசையின் எதிரொலி, பக்கத்தில் சுவர் உண்டா, திறந்த வாசலா என்பதையும் பழகிய காதுக்குச் சொல்லும்.

கோல் கிடைத்தது, தெரு கிடைத்ததா? மூடாமல் விட்ட பள்ளத்தில் ஒரு பார்வையற்றவர் விழுந்துவிட்டால், "துணையின்றி வந்தது உன் பிழை" என்று அந்நாளில் வழக்கு மன்றத்தில் வாதாடுவார்கள். சில நீதிபதிகள் அதை ஏற்கவும் செய்தார்கள். பள்ளம் தோண்டியவர் தப்பித்துக்கொள்வார்!

1964 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன்படி குடியரசுத் தலைவர் ஜான்சன், அக்டோபர் 15-ஐ வெள்ளைக் கோல் பாதுகாப்பு நாள் என அறிவித்தார். ஜேக்கபஸ் டென்புரூக் என்ற பேராசிரியருக்குப் பாதுகாப்பு மட்டும் போதவில்லை. 14 வயதுக்குள் பார்வையை முற்றிலும் இழந்தவர் அவர், சட்டம் கற்றவர். தெருவில் நடப்பது கருணையால் கிடைப்பதன்று, உரிமை என்று 1966-இல் விரிவாக எழுதினார். மாநிலங்கள் பின்பற்றத்தக்க வெள்ளைக் கோல் சட்டம் ஒன்றையும் வரைந்தார். 2011-இல் அந்த நாளுக்குப் பார்வையற்ற அமெரிக்கரின் சமத்துவ நாள் என்ற பெயரும் வந்தது. பெயர் மாறியதிலேயே கருத்து மாறியிருப்பதைக் கவனியுங்கள்.

கோலுக்கும் ஒரு குறை உண்டு. தரையில் இருப்பதை அறியுமே தவிர, முகத்துக்கு நேராகத் தொங்கும் மரக்கிளையை அறியாது. டில்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி 2014-இல் வெளிவந்த 'ஸ்மார்ட்கேன்' இதற்கு வௌவாலின் வழியைக் கையாள்கிறது. நம் காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு 3 மீட்டர் வரை உள்ள தடையை அறிந்து, கைப்பிடியை அதிரச் செய்கிறது.

இப்போது புதியதொரு தொல்லை, ஓசையின்றி ஓடும் மின்சாரக் கார். வேகமாகப் போனால் டயர் ஒலி காட்டிக் கொடுத்துவிடும். மெதுவாக வந்தால்தான் ஆபத்து. ஆகவே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை அவை செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று அமெரிக்காவில் விதி செய்திருக்கிறார்கள்.

சாலையோரத்தில் வெள்ளைக் கோலுடன் ஒருவரைக் கண்டால் கோலைப் பிடித்து இழுக்காதீர்கள். அது உங்கள் கண்ணைப் பொத்துவது போலாகும். "உதவட்டுமா, ஐயா?" என்று கேளுங்கள். அவர் விரும்பினால் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு, அரையடி பின்னால் வருவார். நீங்கள் படி ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கையின் அசைவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.