பண்ணையடிமை என்னுஞ் சொல்

நிலமானிய முறைபற்றி வினாவுமிடத்து, மாணாக்கர் பலர் 'அடிமை' என்னும் ஒரு சொல்லாலேயே விடையெழுதி முடித்துவிடுகின்றனர். அடிமை வேறு, பண்ணையடிமை வேறு. இவ்வேறுபாட்டை இரசிய நாட்டு வரலாறு கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அடிமையாவான் ஆண்டானின் உடைமைப் பொருள். பண்ணையடிமையோ நிலத்தோடு பிணிக்கப்பட்டவன். அவனுக்குக் குடிலுண்டு, குடும்பமுண்டு, உழுதுண்ணச் சிறு நிலமுமுண்டு. அந்நிலத்தை விட்டு நீங்கும் உரிமைதான் இல்லை. நிலம் கைமாறின், அவனும் உடன் கைமாறுவான்.

இப்பிணிப்பு ஒரு நாளில் நேர்ந்ததன்று. அறுவடைக்குப்பின், இலையுதிர்காலத் திருநாளொன்றை ஒட்டிய இரு வாரங்களில் மட்டும், உரிய கட்டணஞ் செலுத்திக் குடியானவன் வேறிடம் பெயரலாம் என 1497ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வுரிமையும் பறிக்கப்பட்டது. ஓடிப்போனவனை எத்தனை ஆண்டு கழியினும் மீட்டுக்கொள்ளும் உரிமையை 1649ஆம் ஆண்டுச் சட்டம் நிலப்பிரபுவுக்கு வழங்கியது.

பண்ணையடிமையின் கடமை இருவகைத்து. பிரபுவின் வயலிற் கூலியின்றி உழைத்தல் ஒன்று. பணமாகவோ பொருளாகவோ இறையிறுத்தல் மற்றொன்று. மணஞ்செய்தற்கும் பிரபுவின் இசைவு வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் நிலத்தினின்று பிரித்து ஆட்களை விற்கும் வழக்கமும் பரவவே, பண்ணையடிமைக்கும் அடிமைக்கும் இடையே நின்ற வேலி பெரிதுஞ் சரிந்தது.

1861இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னன் இரண்டு கோடிக்கு மேற்பட்ட பண்ணையடிமைகளை விடுவித்தான். ஆயினும், தந்தையும் பாட்டனும் உழுத நிலத்துக்கே அவர்கள் 49 ஆண்டுத் தவணையில் விலை கொடுக்க வேண்டியவராயினர். பலர்க்கு முன்னர் உழுததிலுங் குறைந்த நிலமே கிடைத்தது. கிராமச் சமுதாயத்தின் இசைவின்றி ஊரைவிட்டு நீங்கவும் இயலவில்லை. 1905ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னரே, எஞ்சிய கடன் 1907 முதல் தள்ளப்பட்டது.

இக்கதை எமக்கு முற்றும் புறம்பானதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை அடிமைகள்பற்றியும் விதி கூறிற்று. இலங்கையில் 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாகியும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் தடுத்து நிறுத்தப்பட்டதை எம்முள் மூத்தோர் அறிவர்.

ஆதலின், 'இன்ன ஆண்டில் அடிமைமுறை ஒழிந்தது' என்று எழுதும் மாணாக்கன் அவ்வளவில் எழுதுகோலைக் கீழே வைத்தலாகாது. விடுதலைபெற்றோன் மறுநாள் யாருடைய நிலத்தில் உழுதான், எவ்வாயிலில் நுழைய முடிந்தது என்பதையும் அவன் ஆராய்ந்து எழுதுவானாக.