மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரினும் கிணற்றுத் தண்ணீரைத் தாங்காத டர்போவும்: உங்களுக்குத் தெரியுமா?

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும் என்றால் நம்புவீர்களா? ஒன்றரை லட்சத்தைத் தாண்டிச் சுற்றுகிறவையும் இருக்கின்றன! புகைக்குழாயால் வீணாகப் போகிற சுடுகாற்றைப் பிடித்து ஒரு காற்றாடியைச் சுழற்ற வேண்டும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்க வேண்டும். இதுதான் டர்போ. இதற்குக் காப்புரிமை பதிவானது எப்போது தெரியுமா? 1905இல்! சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூஹியின் மூளையில் உதித்தது.

யாழ்ப்பாணத்து உடுவிலுக்கும் டர்போவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய வெளிநாட்டுச் சொந்தங்களை ஏற்றிக்கொண்டு விடியற்புறத்தில் மருதனார்மடம் சந்தியைக் கடக்கிற கேடிஎச் வான்கள் இருக்கின்றனவே, அவற்றின் டீசல் எஞ்சினிலும் டர்போதான் சுற்றுகிறது! ஆனால் அந்த வானுக்கு யாழ்ப்பாணத்தில் மெக்கானிக் இருக்கிறார், சாமான் இருக்கிறது. இளைஞர்கள் கனவு காண்பது வேறு வண்டிகளை: எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த மஸ்டா ஆர்எக்ஸ்-7, நிசான் 300இஸட்எக்ஸ், போர்ஷே 944 டர்போ. பழசு என்பதால் விலை குறைந்த காலமும் இவற்றுக்கு இருந்தது. விலை குறைந்ததே தவிர, செலவு குறையவேயில்லை. காரின் பெறுமதி வருடத்துக்கு வருடம் இறங்கலாம். அதன் உதிரிப்பாகம் என்றைக்கும் விலையுயர்ந்த புதுக் காரின் உதிரிப்பாகம்தான்!

டர்போ பூட்டிய கார்கள் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1962இல், அமெரிக்காவில். அவற்றுள் ஒன்றான ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயருக்குப் பெற்றோல் மட்டும் போதாது! மெதனோலும் வடிநீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தாங்கியில் நிரப்பவேண்டும். எஞ்சினுக்குள் பெற்றோல் நேரத்துக்கு முந்தி வெடிக்கிற ‘நொக்கிங்’ வராமல் காப்பதற்காக அந்த ஏற்பாடு. ஊற்ற மறந்தவர்கள் எத்தனையோ பேர்! இரண்டே வருடங்களில் உற்பத்தி நின்றுபோனது. செய்த கார்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. அதைவிட ஆச்சரியம், பிறகு அந்த நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் காபரேற்றர் பூட்டிக் கொடுக்க முன்வந்தது. பராமரிப்பு என்கிற சங்கடம் டர்போவோடு கூடவே பிறந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, டர்போவை உண்மையில் கொல்வது எது? வேகம் என்பீர்கள். இல்லை, அந்த அச்சுக்கு ஊட்டப்படும் ஒயில்தான்! நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுச் சுற்றுகிற அச்சு இரும்பில் உரசிக்கொண்டு சுற்ற முடியாது. மெல்லிய ஒயில் படலம் ஒன்றின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. அதற்கு விரற்கடை தூரத்திலேயே 900 பாகை வெப்பத்தில் புகைக்காற்று பாய்கிறது. நீங்கள் வேகமாக ஓடிவந்து சட்டென்று சாவியைத் திருப்பி நிறுத்தினால் என்ன ஆகும்? ஒயில் பம்ப் அந்தக் கணமே நிற்கும். உள்ளே தங்கிப்போன சொட்டு ஒயில், அடுப்பில் மறந்துவிட்ட தோசைக்கல்லில் எண்ணெய் கருகுவதைப் போலக் கருகிக் கரியாகும். ஒவ்வொரு தடவையும் இம்மியளவு கரி. அந்தக் கரி ஒருநாள் ஒயில் வருகிற வழியையே அடைத்துவிடும்! அதனால்தான் பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தபிறகும் ஓரிரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுத்தான் நிறுத்துவார்கள். சாவியை எடுத்தபிறகும் எஞ்சினைச் சற்று நேரம் தானாக ஓடவைக்கிற ‘டர்போ டைமர்’ என்று ஒரு கருவியே கடையில் விற்கப்பட்டது. 944 டர்போவில் போர்ஷே நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே போனது. எஞ்சின் நின்றபிறகும் டர்போவுக்குத் தண்ணீரைச் சுற்றவிட ஒரு மின்சாரப் பம்பையே வைத்தது! அருமையான யோசனை. ஆனால் முப்பது வருடம் கழித்து அந்தப் பம்பும் பழுதாகுமே!

அதே 944இல் கிளச் மாற்றுவது எப்படி என்று தெரியுமா? எஞ்சின் முன்னுக்கு, கியர் பெட்டி பின்னுக்கு, நடுவில் இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய். பாரம் இரு பக்கமும் சமமாக இருக்கவேண்டும் என்பதற்காக அப்படி வடிவமைத்தார்கள். வளைவில் அந்தக் கார் திரும்புகிற அழகு உலகப் பிரசித்தம். ஆனால் கிளச் தட்டை எடுக்க வேண்டுமானால் புகைக்குழாய், கியர் பெட்டி, நடுக்குழாய் என்று பின்னுக்கிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வரவேண்டும். சாமானின் விலையைக் கூலி விழுங்கிவிடும்! இன்னொன்று. அதன் டைமிங் பெல்ற் அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதிக்கொள்ளும். றப்பர் பட்டி ஒன்று எஞ்சினையே முடித்துவிடும். பெல்ற்றை எப்போது மாற்றினார்கள் என்று ரசீது காட்ட முடியாதவரிடம் இந்தக் காரை வாங்கவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆர்எக்ஸ்-7இல் பிஸ்ரனே கிடையாது! முக்கோண வடிவச் சுழலிகள் இரண்டு, 1.3 லீற்றர் எஞ்சின், தொண்ணூறுகளின் மாடலில் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் இரண்டு டர்போக்கள். அது ஒயிலை எரிப்பது பழுதே அல்ல. சுழலியின் நுனி தேயாமல் இருக்க எஞ்சினே கொஞ்சம் ஒயிலை உள்ளே விட்டு எரிக்கும். ஒயில் மட்டத்தை அடிக்கடி பார்க்காத ஆளுக்கு இந்தக் கார் சரிவராது.

ஜப்பானியக் கம்பனிகள் தங்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருந்ததும் தெரியுமா? 1989இலிருந்து 2004வரை, எந்தக் காரையும் 280 குதிரைவலுவுக்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லை என்று! அந்த வலுவெல்லாம் ஜப்பானில் கிடைக்கும் உயர் ஒக்ரேன் பெற்றோலை நம்பிச் செய்த கணக்கு. நம் நாட்டில் வழக்கமாகக் கிடைப்பது 92, 95. அமுக்கிய காற்று ஏற்கெனவே சூடானது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் அதை இன்னும் சூடாக்கும். ஒக்ரேன் குறைந்தால் பெற்றோல் நேரத்துக்கு முந்தியே வெடிக்கும். அந்த ‘டக் டக்’ சத்தம் கேட்டால் பிஸ்ரனில் ஓட்டை விழுகிறது என்று பயப்படலாம். இத்தனைக்கும் ஏ9 வீதியில் காருக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர்தான்!

இனிக் கிணற்றுக்கு வருவோம். உடுவில், இணுவில், சுன்னாகம் எல்லாம் செம்மண், அடியில் சுண்ணக்கல். அந்தக் கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, பார்த்திருப்பீர்கள். றேடியேற்றரில் அதை ஊற்றினால் அதே வெள்ளைப் படிவு நுண்ணிய குழாய்களில் இறுகும். சாதாரணக் கார் கொஞ்சக் காலம் பொறுக்கும். டர்போவைக் குளிர்விக்கும் குழாய் பென்சில் பருமன், அது பொறுக்காது! வடிநீரும் கூலன்ற்றும் தவிர வேறெதுவும் வேண்டாம். செம்மண் தூசியையும் மறக்கக் கூடாது. வடிகட்டியில் சின்னக் கிழிசல் இருந்தாலே போதும், உள்ளே போகிற மணல் அந்த வேகத்தில் சுற்றும் காற்றாடியின் ஓரத்தை அரித்துவிடும்.

இப்போது பாருங்கள், இதே மண்ணில் நடந்த ஒரு அதிசயத்தை!

1990இல் மறுபடி போர் தொடங்கியபோது வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. அப்படியிருந்தும் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் ஏ40களும் கேம்பிறிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களும் ஓடிக்கொண்டே இருந்தன. எதில் தெரியுமா? மண்ணெண்ணெயில்! சொட்டு மருந்துப் போத்தல் அளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ரார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடாகும்வரை அந்தச் சொட்டுப் பெற்றோல். சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். வெள்ளைப் புகை, கண் எரிகிற மணம், ஆனால் கார் நகரும்! கல்யாண வீட்டுக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான்.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? தோட்டத்திலிருந்து! வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்த மிசின்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுகிறவைதான். உடுவில் பக்கத்துக் கமக்காரருக்கு அது பாட்டன் காலத்துப் பழக்கம். கராஜ்காரர் அதையே காருக்குக் கொண்டுபோனார்.

ஒஸ்ரின் ஏன் இதற்கு இடம் கொடுத்தது? 1952 முதல் 1954வரை வந்த ஏ40 சொமர்செற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1200 சிசி, 42 குதிரைவலு, அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேல். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் மட்டமான பெற்றோலுக்காகவே செய்த எஞ்சின் அது. கொம்பியூட்டர் இல்லை, சென்சர் இல்லை. டிஸ்ரிபியூற்றரைக் கையால் கொஞ்சம் திருப்பிப் பொறி விழுகிற நேரத்தைப் பிந்த வைக்கலாம். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வழியே கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அப்போதும் அந்த எஞ்சின் முனகிக்கொண்டே ஓடும். நீர்த்துப்போன அதே ஒயில் ஒரு டர்போவின் அச்சுக்குப் போயிருந்தால்? ஒரே பயணத்தில் கதை முடிந்திருக்கும்!

இதையும் கேளுங்கள். 1489 சிசி கேம்பிறிட்ஜின் எஞ்சினும் இந்திய வீதிகளில் அரசாண்ட அம்பாசடரின் பழைய எஞ்சினும் ஒரே குடும்பம்! பிரித்தானியாவில் நின்றுபோன ஒன்று இந்தியாவில் பல காலம் தொடர்ந்தது. மொறிஸ் மைனர் இன்னும் விசேஷம். 1990களில் அதற்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்து, கார் பிறந்த பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்தார்கள்! நம் தீவின் கம்மாலை வேலை அந்தத் தரத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கைவண்ணத்தை நான் இதற்குக் குறைத்து மதிக்கவே மாட்டேன். வேறு வழி அடைபட்டிருந்த காலத்தில், கடைசல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே ஓடவைத்தவர்கள் அவர்கள்.

தடைக்காலம் முடிந்துவிட்டதே என்கிறீர்களா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். 2022இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டது. ஜப்பானிலிருந்து உதிரிப்பாகமாக ஒரு டர்போ எடுப்பிக்க நினைத்தவருக்கு, அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே விலை முக்கால்வாசிக்கு மேல் கூடிவிட்டது! அந்த ஜூன் மாதக் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், 95 பெற்றோல் 550. பிறகு கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். பூஸ்ற் ஏறும்போது டர்போ குடிக்கிற பெற்றோலுக்கு 20 லீற்றர் எந்த மூலைக்கு?

இவ்வளவும் கேட்டபிறகும் ஆசை அடங்காதவர்கள் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். அந்தக் கார்களின் அழகு அப்படிப்பட்டது, நானும் மயங்குகிறவன்தான். அப்படியென்றால் இரவல் உற்சாகத்தில் காசை நீட்டாமல் இதைச் செய்யுங்கள். காரை முன்கூட்டியே ஸ்ரார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறிய எஞ்சினோடு பாருங்கள். உள்காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ அச்சின் நுனியை இரு விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருக்கலாம். காற்றாடி சுவரில் முட்டினால் அந்த டர்போ போய்விட்டது. ஸ்ரார்ட் பண்ணி, சூடாக்கி, சற்று நேரம் சும்மா ஓடவிட்டு, பிறகு அக்சிலறேற்றரை ஒருதரம் அமத்துங்கள். பின்னால் நீலப்புகை எழுந்தால் ஒயில் எரிகிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் கொம்பிறசன் அளந்து எழுதித்தரச் சொல்லுங்கள். ஆர்எக்ஸ்-7 என்றால் சாதாரண மீற்றர் போதாது, சுழலி எஞ்சினுக்கென்றே தனி மீற்றர் வேண்டும்! எஞ்சின் நன்றாக ஆறியபிறகு றேடியேற்றர் மூடியைத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தால், சொந்தக்காரர் அதற்கு ஊற்றி வந்தது கிணற்றுத் தண்ணீர்.