மணவிலக்கும் மரபுரிமையும்: வியட்நாம் சட்டம் கூறும் முறை

மணம் என்பது இருவர்தம் வாழ்வை மட்டுமன்றி, அவர்தம் உடைமைகளையும் ஒன்றாகப் பிணைப்பது. ஆதலின், அப்பிணைப்பு அறும்போது உடைமை யாரைச் சேரும் என்னும் வினா எழுவது இயல்பே. பிரிந்த இருவருள் ஒருவர் இறந்தால், அவர் விட்டுச்சென்ற சொத்தில் மற்றவருக்குப் பங்கு உண்டா? ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் இதற்கு விடை கூறிவிடலாம் எனப் பலர் எண்ணுவர். ஆயின், பிரிவு எந்நாளில் நிறைவுறுகின்றது என்பதைப் பொறுத்தே அவ்விடை மெய்யாவதும் பொய்யாவதும் அமையும். இவ்வினாவை வியட்நாம் நாட்டுச் சட்டம் எங்ஙனம் தீர்க்கின்றது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அச்சட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 15 ஆம் நூற்றாண்டில் லே அரச மரபினர் காலத்தில் உருவாகி, ஹொங் டுக் சட்டக்கோவை எனப் பெயர் பெற்ற நூல், சீனச் சட்டத்தைப் பெரிதும் தழுவியதாயினும், பெண்களின் சொத்துரிமையைப் பேணியது. தக்க காரணமின்றி மனைவியை 5 மாதம் புறக்கணித்த கணவன் அவள்மீதுள்ள உரிமையை இழந்தான். பிள்ளை இருப்பின் அக்காலம் 1 ஆண்டு. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியா லொங் மன்னன் காலத்தில் எழுந்த சட்டக்கோவையோ, சீனத்துச் சிங் பேரரசின் சட்டத்தை அடியொற்றி ஆடவர்க்கே முதன்மை அளித்தது.

நாடு இரு கூறாக நின்ற 1959 ஆம் ஆண்டில் இரு பகுதிகளிலும் குடும்பச் சட்டங்கள் தோன்றின. தெற்கில் அவ்வாண்டின் தொடக்கத்தில் வந்த சட்டம் பலதார மணத்தைத் தடுத்ததோடு மணவிலக்கையும் தடுத்தது. சனாதிபதியின் சிறப்பு அனுமதி ஒன்றே விலக்காக இருந்தது. 1964 இல் அத்தடை நீங்கியது. வடக்கில் ஆண்டிறுதியில் வந்த சட்டம் ஒருவனுக்கு ஒருத்தி என்னும் முறையையும் ஆண்பெண் சமத்துவத்தையும் நிறுவி, மணவிலக்குக்கும் இடமளித்தது. நாடு ஒன்றான பின்னர் 1986, 2000, 2014 ஆகிய ஆண்டுகளில் விவாக, குடும்பச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மரபுரிமை பற்றி 1990 இல் ஒரு தனிக்கட்டளைச் சட்டமும், பின்னர் 1995, 2005, 2015 ஆகிய ஆண்டுகளில் குடியியற் சட்டக்கோவைகளும் எழுந்தன. இவற்றுள் 2014 ஆம் ஆண்டின் குடும்பச் சட்டமும், 2017 சனவரி 1 இல் நடைமுறைக்கு வந்த 2015 ஆம் ஆண்டுச் சட்டக்கோவையுமே நம் வினாவுக்கு விடை தருவன.

மரணசாதனம் எழுதாது ஒருவர் இறந்தால், அவர் சொத்துக்கு உரித்தாளிகள் யாவர் என்பதைச் சட்டக்கோவையின் 651 ஆம் பிரிவு கூறுகின்றது. உரித்தாளிகள் மூன்று வரிசையினராக வகுக்கப்பட்டுள்ளனர். முதல் வரிசையில் நிற்போர் கணவன் அல்லது மனைவி, பெற்ற தாய்தந்தையர், வளர்ப்புத் தாய்தந்தையர், பெற்ற பிள்ளைகள், சுவீகாரப் பிள்ளைகள் ஆவர். ஒரே வரிசையினர் அனைவரும் சம பங்கு பெறுவர். முன்வரிசையில் உரிமை பெறுவார் ஒருவரும் இல்லாதவிடத்தே அடுத்த வரிசையினர்க்கு உரிமை செல்லும்.

ஈண்டு ‘மனைவி’, ‘கணவன்’ என்பன இறப்பு நிகழும் நாளில் சட்டப்படி அந்நிலையில் உள்ளாரையே குறிக்கும். ஆகவே மணவிலக்கு நிறைவுற்றபின் முன்னாள் மனைவியோ கணவனோ இவ்வரிசையில் இடம்பெறார். எத்தனை ஆண்டுகள் கூடி வாழ்ந்திருப்பினும் இதுவே முடிவு.

இனி, மணவிலக்கு எப்பொழுது நிறைவுறுகின்றது? நீதிமன்றத்தின் தீர்ப்போ முடிவோ சட்டவலு அடையும் நாளிலேயே மண உறவு முடிகின்றது எனக் குடும்பச் சட்டத்தின் 57 ஆம் பிரிவு கூறும். தீர்ப்பு வாசிக்கப்படும் நாளும் அது வலுப்பெறும் நாளும் ஒன்றல்ல. முதல்நிலை நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து வழக்காளிகள் மேன்முறையீடு செய்ய 15 நாள் தவணை உண்டு. அரச வழக்குத்துறைக்கும் ஆட்சேபிக்கும் தவணை உண்டு. அவை கழியும்வரை அவ்விருவரும் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவியரே. இருவரும் இசைந்து பிரிவதை ஏற்று நீதிமன்றம் வழங்கும் முடிவோ, வழங்கிய உடனேயே வலுப்பெறும்.

இவ்விடைவெளியில் ஒருவர் இறந்தால் என் செய்வது? 655 ஆம் பிரிவு இதனைத் தெளிவாகத் தீர்க்கின்றது. மணவிலக்குக் கோரியும் அது கிட்டாதிருக்கையிலும், தீர்ப்புக் கிட்டியும் அது வலுப்பெறாதிருக்கையிலும் ஒருவர் இறந்தால், எஞ்சியவர் உரித்தாளியே. மணவாழ்வு நீடிக்கையில் பொதுச் சொத்தைத் தம்முட் பங்கிட்டுக்கொண்டோரும் ஒருவர்க்கொருவர் உரித்தாளிகளே. இறப்பு நாளில் மனைவியாயிருந்தவள் பின்னர் வேறொருவரை மணப்பினும், முன்னர் அடைந்த உரிமையை இழவாள்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டிய தேடியதேட்டம் 144 கோடி டொங் எனக் கொள்வோம். கணவன் இறக்கின்றான், அவனுக்கு மனைவியும், வயது நிரம்பாத இரு பிள்ளைகளும், தாயும் உளர். தேட்டத்திற் பாதியாகிய 72 கோடி மனைவிக்குச் சொந்தம், அது மரபுரிமையன்று. எஞ்சிய 72 கோடியே அவன் விட்டுச்சென்ற சொத்து. மணவிலக்கு வலுப்பெறாதிருப்பின், நால்வரும் தலைக்கு 18 கோடி பெறுவர். வலுப்பெற்று, தேட்டமும் பாதியாகப் பிரிக்கப்பட்டிருப்பின், பிள்ளைகளும் தாயும் தலைக்கு 24 கோடி பெறுவர். முன்னாள் மனைவிக்கு ஒன்றுமில்லை.

சினமுற்ற கணவன், வழக்கு நடக்கையில், சொத்து முழுவதையும் தன் தமையனுக்கு எழுதி வைத்தான் எனின்? அப்பொழுது 644 ஆம் பிரிவு குறுக்கிடும். வயது நிரம்பாத பிள்ளை, தாய், தந்தை, மனைவி அல்லது கணவன், உழைக்க இயலாத வளர்ந்த பிள்ளை ஆகியோர், சட்டப் பங்கின் மூன்றில் இரண்டு பாகத்தை மரணசாதனம் எதுவாயினும் பெறுவர். எனவே மேற்கூறிய நால்வரும் தலைக்கு 12 கோடி பெற, தமையனுக்கு 24 கோடியே எஞ்சும். மணவிலக்கு வலுப்பெற்றபின் இப்பாதுகாப்பும் மனைவிக்கு இல்லை.

ஆயினும் முன்னாள் துணைக்கு எல்லா வாயில்களும் அடைபடவில்லை. விரும்பியவர்க்குச் சொத்தை எழுதி வைக்க எவருக்கும் உரிமை உண்டு. மணவாழ்வின்போது மனைவிக்கென எழுதிய மரணசாதனம் மணவிலக்கினால் தானே அற்றுப்போகும் என்னும் விதி அச்சட்டக்கோவையில் இல்லை. மாற்ற விரும்புவோர் தாமே மாற்றுதல் வேண்டும். இதனை மறந்தோர் எழுதியது எழுதியபடியே நிற்கும்.

பிள்ளைகள் வழியாகவும் ஒரு தொடர்பு நிலைக்கின்றது. கணவன் மனைவி என்னும் உறவு அறுபடினும் தாய், தந்தை, பிள்ளை என்னும் உறவு அறுபடாது. தந்தை இறந்தால் சிறுவனாகிய பிள்ளை பெறும் பங்கைப் பொதுவாகத் தாயே பராமரிப்பாள். மரணசாதனத்தில் வேறொருவர் நியமிக்கப்பட்டிருப்பின் அவர் பராமரிப்பார். அப்பிள்ளை மணமின்றி இறந்துவிடின், பிள்ளையின் முதல் வரிசை உரித்தாளியாகத் தாயே அப்பங்கை அடைவாள். நேர்வழியில் வராத சொத்துச் சுற்றுவழியில் வருதலும் கூடும்.

மக்கள் பெரிதும் இடறும் இடம் மற்றொன்றுளது. மணவிலக்குப் பெற்றோர் சிலர் சினம் தணிந்து, பிள்ளைகளின் பொருட்டு மீண்டும் ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்குவர். ஊரார் அவரைக் கணவன் மனைவியராகவே மதிப்பர். ஆயின், உறவை மீண்டும் நிலைநாட்ட விரும்புவோர் மறுபடியும் விவாகப் பதிவு செய்தல் வேண்டும் எனக் குடும்பச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு விதிக்கின்றது. பதிவின்றிப் பல்லாண்டு பணிவிடை செய்து, நோயிற் பேணி, ஈமக்கடன் முடித்தவளும் உரித்தாளியாகாள். அன்பு மீண்டாலும் ஏடு மீளவில்லையேல் உரிமை மீளாது என்க.

இதற்கு மாறாக, போர் பிரித்த குடும்பங்களிடத்துச் சட்டம் இரக்கம் காட்டியது. 1954 இல் நாடு பிளவுற்றபோது, தெற்கிலிருந்து வடக்கே சென்ற போராளிகள் பலர், மனைவியர் ஊரிலிருக்க, வடக்கில் வேறு மணம் புரிந்தனர். எவரும் மணவிலக்குப் பெற்றிலர். பின்மணம் நீதிமன்றத்தால் நீக்கப்படாதவிடத்து, இரு மனைவியரும் முதல் வரிசை உரித்தாளிகளே என உயர் நீதிமன்றம் 1990 இல் வழிகாட்டியது. காத்திருந்தவளும் கைவிடப்படவில்லை; பின் வந்தவளும் தண்டிக்கப்படவில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். மரபுரிமைச் சட்டம் உள்ளத்தின் நிலையை அளப்பதில்லை. இறந்த நாளில் ஏடு கூறும் நிலையையே அளக்கின்றது. அது கடுமை போலத் தோன்றினும், ஒவ்வொரு குடும்பத்திலும் அன்பு எத்துணை எஞ்சியிருந்தது என ஆராயப் புகும் சட்டம் முடிவு காணாது தடுமாறும். ஆதலின், பிரிவோரும் மீண்டும் கூடுவோரும் தத்தம் நிலையைக் காலந்தாழ்த்தாது ஏட்டில் ஏற்றுதலே, பின்னிற்கும் பிள்ளைகளை வழக்கு மன்றுகளினின்றும் காக்கும் வழியாகும்.