வளையும் கூரை, நீளும் முகம்: அகலக்கோணப் படங்களைச் சரிசெய்வது எப்படி?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் உள்ள காஹாங், எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழி என்று பலருக்கும் தெரிந்த ஊர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். இப்படிப்பட்ட தோட்டப்புறங்களில் லயத்து வீடுகளும் சிறு கோயில்களும் நம் குடும்பங்கள் வாழ்ந்ததற்கான அடையாளங்கள். தோட்டம் கைமாறி அவை இடிக்கப்பட்டால், மிஞ்சுவது படங்கள்தான். எனவே அந்தப் படங்கள் உள்ளதை உள்ளபடி காட்டுவது அவசியம்.

நீளமான லயத்தை ஒரே படத்தில் அடக்க, கைப்பேசியில் 0.5 என்ற எண்ணைத் தட்டுகிறோம். அது அகலக்கோண லென்ஸ். பல கைப்பேசிகளில் அது 120 டிகிரி அளவுக்குப் பார்க்கும். அதில் மூன்று வகைக் கோளாறுகள் வரலாம். மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

முதலாவது, நேர்கோடு வளைவது. லென்ஸின் ஓரத்தில் உருவம் நடுப்பகுதியைவிடச் சற்றுச் சிறிதாக விழுவதால், கூரையின் விளிம்பு பீப்பாய்போல் வெளியே புடைக்கும். ஒவ்வொரு லென்ஸும் எந்த அளவு வளைக்கும் என்பதை முன்கூட்டியே அளந்துவிடலாம். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும், அது நடுவிலிருந்து இருக்கும் தூரத்துக்கு ஏற்ப நகர்த்தினால் கோடு நேராகிவிடும். இதற்கு டுவேன் பிரவுன் 1966-இல் வெளியிட்ட கணித முறை இன்றும் பயன்படுகிறது. ஐபோன் 12 முதல் கேமரா அமைப்புகளில் ‘லென்ஸ் கரெக்‌ஷன்’ என்ற தேர்வு உள்ளது. கணினியில் லைட்ரூம், இலவசமான டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்யும்.

இரண்டாவது, ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபடுவது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இது லென்ஸின் பழுதல்ல. அகன்ற காட்சியைத் தட்டையான படத்தில் நேர்கோடுகளோடு விரித்தால் வந்தே தீரும். நடுவில் வட்டமாக விழும் பந்து, 120 டிகிரி படத்தின் மூலையில் அகலத்தைப்போல் இரு மடங்கு நீளமுள்ள முட்டையாகிவிடும். வளைவைத் திருத்தத் திருத்த இந்த இழுபறி கூடும். ஆகவே கட்டடத்துக்கு நல்ல திருத்தம், குடும்பப் படத்துக்கு நல்லதாக இருக்காது.

திருமணத்திலோ தீபாவளியிலோ குழுப்படம் எடுக்கும்போது பாட்டியையும் தாத்தாவையும் ஓரத்தில் நிறுத்தாமல் நடுவில் உட்கார வையுங்கள். ஒரே நீள வரிசையை இரண்டு மூன்று வரிசைகளாக்கி, நான்கு எட்டு பின்னால் போய், 0.5-க்குப் பதிலாக 1 என்ற எண்ணில் எடுங்கள். எந்த மென்பொருளையும்விட இது நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது, கோயில் கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தெரிவது. கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்ப்பதே காரணம். தள்ளி நின்று, கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்தால் சாயாது. இடம் போதாவிட்டால், ஸ்னாப்சீட் செயலியின் ‘பெர்ஸ்பெக்டிவ்’ கருவியால் பிறகு நிமிர்த்தலாம்.

திருத்தும்போது படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். எனவே எடுக்கும்போதே நான்கு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். திருத்திய படத்தைத் தனியாகச் சேமித்து, மூலப்படத்தை அழிக்காமல் வையுங்கள். இடித்த லயத்தை மீண்டும் போய்ப் படம் எடுக்க முடியாது.