தொலைநிலையில் உளவியல்: பணம் கட்டும் முன் பாருங்க

வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்சி. உளவியல் படிக்க நினைக்கிறீர்களா? 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலில் தொலைநிலை, ஆன்லைன் வழிப் புதிய சேர்க்கைக்கு யுஜிசி அனுமதி இல்லை. 2021-ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்சார் ஆணையச் சட்டத்துக்குள் இந்தப் படிப்பும் வருவதே காரணம். நேரில் பழகிக் கற்க வேண்டியதை செல்போன் திரையில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? நியாயம்தான், ஆனாலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இழப்புதான். பல பாடப்பிரிவுகளில் பி.ஏ. நடத்தும் இடங்களில் உளவியல் மட்டும் நீங்கும், மற்றவை தொடரும்.

"சீட் இருக்கு, இன்னைக்கே கட்டுங்க" என்று போனில் யாராவது அவசரப்படுத்தினால் உடனே ஜிபே பண்ணிடாதீங்க. யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தைத் திறங்க. அங்கே பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பும் பருவமும் இருக்க வேண்டும். எந்தத் தொலைநிலைப் படிப்பில் சேரவும் தேவையான டெப் ஐடியை அதே தளத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.